வெளியே வந்தவன் திரும்ப மாட்டான்

மகன் தலை குனிந்தபடி மைதானத்தை விட்டு வெளியே வந்தான்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கழற்றிவிட்டார்கள். இனி இறக்க மாட்டார்கள்.

பயிற்சியாளர் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு அவருக்குத் தெரியும். அடுத்த முறை பார்க்கலாம் என்பதை எல்லா நாட்டிலும் இப்படித்தான் தட்டிச் சொல்கிறார்கள்.

மகன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. முகத்தைக் காட்ட வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு வருடமாக மகன் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான். நான்கு வருடமாக அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சொந்த ஊரான குருநகரில் உதைபந்து ஆடி வளர்ந்த மனிதர். கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்பாலாம் என்று, தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பத்து அடி ஓடுகிறான், விழுகிறான், உடனே எல்லோரும் நின்று கூட்டம் போடுகிறார்கள். ஐரோப்பாக்காரனிடம் இதெல்லாம் எடுபடாது, ஜெர்மன்காரன் நிற்காமல் ஓடுகிற ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவன் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ஒருமுறை மகன் சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை அடுக்கி விதிகளைச் சொல்ல வந்தான். அவர் ஒரு கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

இன்று வந்ததுகூட மகன் வாய்விட்டுக் கேட்டதால்தான். ஆட்டத்துக்கு முன் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கிக் காட்டினான். அவரும் காட்டினார். சுற்றிலும் ஜெர்மன்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தீர்ப்பு ஒருவர் காதுக்கும் எட்டியதாகத் தெரியவில்லை.

இப்போது அவன் பெஞ்சில்.

அவருக்கும் ஒரு நாள் இப்படி நடந்திருக்கிறது. பதினெட்டு வயதில், பன்னிரண்டாவது நிமிடத்தில் கழற்றினார்கள். அதைத் தாங்கிக்கொண்டார். எல்லைக்கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. கடைசி விசில் வரைக்கும் அந்த மனிதர் நகரவே இல்லை.

தன் பிள்ளைக்கு அந்தக் கொடுமை வேண்டாம்.

மகன் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்தார். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, நீட்டிய கால்களைத் தாண்டி, படியிறங்கி வெளியே வந்தார்.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூட்டம் கத்துவது கேட்டது. அவர் நிற்கவில்லை. ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது.

வீட்டில், தலையிடி என்று மனைவி ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஜெசிந்தா வந்து கைபேசியை நீட்டினாள். மகனின் கூட்டாளிகள் அனுப்பிய வீடியோ.

மகன் மைதானத்தில் நின்றான்.

அவனுடைய எண்தான், ஐம்பத்து நான்கு. பந்தோடு வந்த ஒரு தடியனைக் கட்டிப்பிடித்து நிலத்தில் சாய்த்தான். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.

போன கிழமை ஆட்டமா என்று கேட்டார். இன்றைக்குத்தான், இரண்டாம் பாதி என்றாள். எப்படி என்று கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். தடுக்கிறவர்கள் வேறு, பந்தோடு ஓடுகிறவர்கள் வேறு. பந்து எதிரணியிடம் போனால் இவன் இறங்குவான், தங்களிடம் வந்தால் வெளியே போய் உட்காருவான். ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிப் போய்ப் போய் வருவான். அன்றைக்குக் கரண்டி அடுக்கியபோது சொன்னானே என்றாள்.

வீடியோவில் மகன் எழுந்தான். கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, பார்வையாளர் பக்கம் திரும்பினான். அங்கேயே பார்த்தபடி நின்றான்.

“ஆரைத் தேடுறான் இவன்?” என்றாள் ஜெசிந்தா.

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஒன்றும் விளங்காமல், வாயைப் பிளந்துகொண்டு, பக்கத்து ஜெர்மன்காரன் கைதட்டும்போது தானும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்தது. எல்லாம் தெரிந்தவர் அல்லவா, எழுந்து வந்துவிட்டார்.

ஆறு மணிக்கு மகன் வந்தான். முழங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. வென்றுவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னான். பிறகு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

“உங்களுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காதெண்டு எனக்குத் தெரியும்தானே அப்பா. நீங்கள் வந்ததே பெரிய விசயம்.”

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார்.

அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். ஏன் எழுந்து போனார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், ஐந்து நிமிடத்தில் உன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். நீ அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன் என்றும் சொல்ல வேண்டும். நான்கு வருடம் கேலி செய்த வாய். அந்த வாயால் இதைச் சொல்ல முடியவில்லை.

“ஆட்டம் இடைக்கிடை நிக்குது” என்றார். “அதான்.”

மகன் தலையாட்டினான்.

“வாற ஞாயிறு செமி ஃபைனல். நீங்கள் கஷ்டப்பட்டு வர வேண்டாம் அப்பா.”

அன்பாகத்தான் சொன்னான்.

அவர் சரி என்றார்.