அவென்யூ என்றால்

காமுவைக் காணவில்லை என்று தெரிந்தபோது ஸ்ரீரங்கனின் கையில் பெயிண்ட் பிரஷ் இருந்தது.

கேட் திறந்து கிடந்தது. மனைவியின் செருப்பு மட்டும் வாசலில் ஜோடியாக இருந்தது. காலை மணி பத்து. சிட்லபாக்கத்தில் மே மாதத்துப் பத்து மணி என்றால் மற்ற ஊர்களின் உச்சிவேளை.

காமுவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் உதிர்ந்தவை கணவரின் பதவிகள். ஓய்வுபெற்ற துணை இயக்குநர், குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் எல்லாம் போய், 'இவர்' மட்டும் மிச்சம். அப்புறம் போன் நம்பர், வீட்டு நம்பர். போன மாதம் தன் பெயரும்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீரங்கன் செய்தி போட்டார். விரலில் இருந்த சிவப்புப் பெயிண்ட் போன் திரையெல்லாம் அப்பியது. அந்த அவசரத்திலும் செய்தியின் அடியில் 'தலைவர், ராயல் லேக் அவென்யூ' என்று அடிக்க அவர் மறக்கவில்லை.

ராயலும் கிடையாது, லேக்கும் கிடையாது. மூன்றாவது மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஏரி கொஞ்சம் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்புவரை அது வெறும் மூன்றாவது குறுக்குத் தெரு. விசிட்டிங் கார்டில் 'குறுக்கு' என்று வருவது தலைவருக்கு உறுத்தியது. கறுப்பு கிரானைட்டில் புதுப் பெயரைத் தங்க எழுத்தில் வெட்டி, திரை மாட்டி, எல்லோருக்கும் ரவா கேசரி கொடுத்து, கயிற்றை அவரே இழுத்துத் திறந்துவைத்தார்.

கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் எதிர்வீட்டு வேதசிரோமணியின் குரல் கேட்டது. முப்பத்தாறு வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர்.

"சார், அவென்யூன்னா ரெண்டு பக்கமும் மரம் இருக்கணும். இங்க ரெண்டு பக்கமும் கார்தான் இருக்கு."

கேசரி பரிமாறியவர்கூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே இருபத்தெட்டு புங்கங்கன்றுகள் வந்து இறங்கின. பக்கத்துக்குப் பதினான்கு. ஒவ்வொரு கூண்டிலும் 'உபயம்: ஸ்ரீரங்கன்'. கோபத்தில் நட்டது அவர். தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது காமு. எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

இப்போது பதினோரு மணி. ஆளுக்கொரு பக்கம் ஸ்கூட்டரில் கிளம்பியிருந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனில் இல்லை. கோயிலில் இல்லை. ஏரிப் பக்கம் யார் போவது என்று கேட்டபோது மட்டும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வேதசிரோமணி, போட்டிருந்த பனியனோடு, டிவிஎஸ் ஃபிப்டியை உதைத்துக் கிளப்பி ஏரிக்குப் போனார்.

பன்னிரண்டு அடித்தது. ஏரியிலிருந்து போன் வரவில்லை. வரக்கூடாது என்றும், வரவேண்டும் என்றும் ஸ்ரீரங்கன் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்கு ஓர் ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. பின் சீட்டில் காமு, பாதி கடித்த பன்னோடு, ஊர்வலத்தில் வரும் மந்திரி மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வூட்டம்மாவா சார்?" என்றார் ஆட்டோக்காரர். "பேரு கேட்டா தெரில, நம்பரு கேட்டா தெரில. ரெண்டு பக்கமும் மரம், ரெண்டு பக்கமும் மரம்னு அத்தியே சொல்லிகினு வந்துச்சு. ஒரு பக்கம் மரம்னா நாலஞ்சு தெருவுல கீது சார். ரெண்டு பக்கமும்னா நம்ம ஏரியாவுல இது ஒண்ணுதான் கீது."

ஸ்ரீரங்கன் குனிந்து கும்பிட்டார். உத்தியோகத்தில் எத்தனையோ பேருக்குக் குனிந்தவர்தான். மனசாரக் குனிந்தது இதுதான் முதல் தடவை.

காமு இறங்கினாள். வெறுங்காலோடு எதிர்ப்பக்கம் நடந்து, முதல் புங்கமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள், கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல.

கையை எடுத்தபோது உள்ளங்கை சிவப்பாக இருந்தது.

எனாமல் பெயிண்ட். மரத்தின் நெஞ்சுயரத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் காயவில்லை.

அந்தப் பக்கத்துப் பதினான்கு மரங்களில் பதிமூன்றிலும் அதே குறி. காலையில் தலைவர் தன் கையாலேயே போட்டது. கார் நிறுத்த இடமில்லை, இலை கொட்டுகிறது என்று சங்கத்தில் தீர்மானம். தன் வீட்டுப் பக்கத்து நிழலை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டுவதாக முடிவு. மரம் அறுப்பவர்கள் போன சனிக்கிழமையே வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காரர் மாநகராட்சியில் ஆட்சேபம் எழுதிக்கொடுத்ததில் அது நாளைக்குத் தள்ளிப்போயிருந்தது.

பதினான்காவது மரத்தின் முன்னால் அந்த வீட்டுக்காரர் காலையில் பனியனோடு வந்து முதுகைக் கொடுத்து நின்றார். நகரவே இல்லை. பிரஷ்ஷோடு அவரை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான், கேட் திறந்து கிடப்பது ஸ்ரீரங்கனின் கண்ணில் பட்டது.

தெருமுனையில் டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. முழங்கால்வரை ஏரிச் சேறோடு வேதசிரோமணி இறங்கினார். காமுவைப் பார்த்தார். வண்டியைப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார்.

ஸ்ரீரங்கன் அவர் எதிரில் போய் நின்றார். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார். எட்டு வருடத்துத் துரு, லேசில் இளகவில்லை.

"ரெண்டு பக்கமும்தான், சார்" என்றார்.

வேதசிரோமணி வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். வீட்டுக்குள் போய், பெயிண்ட் துடைக்கிற டர்பன்டைன் பாட்டிலும் இரண்டு கந்தல் துணியும் எடுத்துவந்தார்.

ஒன்றை ஸ்ரீரங்கனிடம் நீட்டினார்.