மூன்றாம் நிலைத் தேர்வு

போலீஸ் பயிற்சி மைதானத்தில் ஒரு ஜீப் இருந்தது. முதல் நிலையில், சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்க அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நிலையில், தலைமேல் சைரனைப் பொருத்தி, அதே விளக்கை இருபுறமும் பார்த்துத் தாண்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஜீப்புக்குக் குழப்பம்தான். ஆனாலும் இரண்டிலும் தேறிவிட்டது.

மூன்றாம் நிலை, துரத்தல். திருடனாக நடிப்பது ஒரு மோட்டார் சைக்கிள். மதிப்பெண் போடுவதும் அதுவே. தோற்றால் ஜீப் பழையபடி மெஸ்ஸுக்குக் காய்கறி ஏற்றப் போக வேண்டும்.

கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும் என்பது விதி.

"இடப்பக்கம் மாட்டுவண்டி. முன்னால் வேகத்தடை," என்று சொல்லியபடி ஜீப் ஊருக்குள் விரட்டிச் சென்றது.

"இன்னும் பத்தடிதான்டா, அமுக்கு!" என்று கத்தியது சைரன்.

"வலப்பக்கம் பள்ளிக்கூடம். கேட் திறக்கிறது. பிள்ளைகள்..."

தன் குரல் தன் காதிலேயே விழ, ஜீப் சட்டென்று நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் மறைந்தது.

"போச்சு! இனி ஆயுசுக்கும் கத்தரிக்காய்தான்," என்று சைரன் அடங்கியது.

சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. "நீ பாஸ்," என்றது.

"அண்ணே, நான் உங்களைப் பிடிக்கவே இல்லையே?"

"போன வாரம் ஒருத்தன் இதே இடத்தில் என்னைப் பிடித்துவிட்டான். அவனை முதல் நிலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்."

ஜீப்புக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கடைசிப் பிள்ளை சாலையைக் கடக்கும்வரை அது அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தது.