அறுபத்தோராம் பகுதி

"முந்நூத்திப் பத்து! போன மாசம் நூத்தி அறுபது இருந்த சர்க்கரை, இப்போ முந்நூத்திப் பத்து. வீட்டுல என்னய்யா நடக்குது?"

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த டெய்லர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பதில் அவருடைய மனைவியிடமிருந்து வந்தது.

"வீட்டுல ஒண்ணும் நடக்கல டாக்டர். அதான் பிரச்சினையே. இவரும் நடக்கல."

"ரெண்டு மாசம் ஒழுங்கா நடந்தாரேம்மா! இப்போ என்ன வந்துச்சு? கால் வலியா? தெருவுல நாய்த் தொல்லையா?"

"கதை நின்னுபோச்சு டாக்டர்" என்றார் டெய்லர்.

"என்ன கதை?"

மூலையில் பிரஷர் பார்க்கும் கருவியைச் சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ்கூட நிமிர்ந்து பார்த்தாள். இந்த நர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எடை பார்க்க வேண்டுமானால் மெஷினைக் கைகாட்டுவாள். எத்தனை கிலோ என்று கேட்டால் சீட்டில் எழுதி நீட்டுவாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்ததே நம் டெய்லர்தான்.

"பாட்காஸ்ட்ல வந்த கதை டாக்டர்."

"பாட்காஸ்ட்டா? அப்படின்னா?"

டெய்லர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். டாக்டருக்கே தெரியாதது தனக்குத் தெரிகிறது என்றால் சும்மாவா?

"ரேடியோ மாதிரி டாக்டர், ஆனா ரேடியோ இல்ல. ரேடியோன்னா நாம லேட்டாப் போனா போச்சு. இது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். யாரோ பேசி, பதிவு பண்ணிப் போட்டுடுவாங்க. நாம செல்போன்ல எடுத்து, இயர்போனைக் காதுல மாட்டிக்கிட்டு எப்ப வேணா கேட்கலாம். பாதியில நிறுத்திட்டு, சாப்பிட்டு வந்து மிச்சத்தைக் கேட்கலாம். உங்க வெயிட்டிங் ரூம்ல பக்கத்துல இருந்தவர்தான் இந்தக் கதையை என் போன்ல வெச்சுக் குடுத்தார்."

"கேட்கறதுன்னா வீட்டுலயே உட்கார்ந்து கேட்க வேண்டியதுதானே? அதுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?"

"வீட்டுல எங்க டாக்டர் கேட்கறது? காதுல மாட்டின அடுத்த நிமிஷம்தான் இவளுக்கு என்கிட்ட பேசணும்னு தோணும்."

"ஆமா, மத்த நேரத்துல அப்படியே காது குடுத்துக் கேட்டுடுவார் பாருங்க!" என்றாள் மனைவி.

"அதான் காலையில தெருவுல இறங்கிடுவேன். தினம் ஒரு பகுதி, அரை மணி நேரம். முடிக்கிற இடத்துல ஒரு முடிச்சு போடுவாங்க பாருங்க, எப்படா விடியும்னு இருக்கும். அதைச் சொல்ற அந்தம்மா குரல் இருக்கே டாக்டர்... அடடா!"

"போதும், ரொம்ப வழியாதீங்க" என்று மனைவி வெட்டினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, அப்படி என்னதான் கதை?"

"கப்பல்ல ஒரு பெரிய பெட்டி வருது. பூட்டு இருக்கு, சாவி இல்ல. அதுக்காக நாலு பேர் அடிச்சுக்கறாங்க, ஒருத்தன் செத்தே போறான். அறுபதாவது பகுதியில அந்தப் பொண்ணு பூட்டை உடைச்சுப் பெட்டியைத் திறக்கறா. உள்ள பார்த்துட்டு 'ஐயோ'ன்னு அலறறா. அவ்வளவுதான்! இருபது நாளாச்சு, அறுபத்தோராவது பகுதியைக் காணோம். மனுஷனுக்கு நடக்கத் தோணுமா, சொல்லுங்க?"

"வேற ஏதாவது பாட்காஸ்ட் கேட்க வேண்டியதுதானே!"

"கேட்டேனே. ஒண்ணுல நாட்டு நடப்பைச் சொல்லி பயமுறுத்தறாங்க. இன்னொண்ணுல ரெண்டு பசங்க அவங்களே பேசி அவங்களே சிரிச்சுக்கறாங்க. தெருமுனை தாண்டறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

டாக்டர் முகம் இறுகியது. "விளையாட்டா நினைக்காதீங்க. பாதம் மரத்துப்போகுதுன்னு வேற சொல்றீங்க. இப்படியே விட்டா விரலை எடுக்கற வரைக்கும் போகும். நான் பார்த்திருக்கேன்."

அதுவரை கிண்டல் பேசிக்கொண்டிருந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெஷினை மிதிக்கிற கால் டாக்டர் அது. எங்க குடும்பமே அந்தக் காலை நம்பித்தான் இருக்கு. அந்தக் கதையை எழுதற பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும், உண்டு இல்லன்னு பண்ணிடறேன்!"

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மருந்துச் சீட்டின் மேல் குனிந்தார். "பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?"

"தங்கம்னா சப்புன்னு போயிடும் டாக்டர். பொணம்னா எல்லாரும் எழுதினதுதான். எனக்கென்னவோ ஆளே உயிரோட உட்கார்ந்திருப்பான்னு தோணுது."

டாக்டர் நிறைய எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "மாத்திரையைக் கூட்டிட்டீங்களா?" என்று மனைவி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

"அதே மாத்திரைதான். ரெண்டு நாள் பொறுங்க, நடக்க ஆரம்பிச்சுடுவார்" என்று இருவரையும் அனுப்பிவைத்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த நர்ஸ், டெய்லரைத் தினமும் தெருவில் இறக்கிய அதே தேன் குரலில் கேட்டாள்: "இவரோட பதினோரு பேருக்கு சர்க்கரை ஏறிடுச்சு டாக்டர். நீங்க எழுதிக் குடுத்தாத்தானே நான் பேசிப் போட முடியும்?"

"எழுத மாட்டேன்னா சொல்றேன்?" டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியலையேம்மா!"