ஷெட்டு மண்

“இன்னும் தோண்டுப்பா டேனியல்! ஒரு பிடி கறுப்பு மண்ணுகூட இங்க இருக்கக் கூடாது.”

பரசுராமனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஓரிக்கை ரோட்டில் அவனுடைய லாரி மெக்கானிக் ஷெட். வருஷக்கணக்காக வடித்த டீசலும் என்ஜின் ஆயிலும் அந்தத் தரைக்குள்தான் போயிருக்கின்றன. இப்போது பக்கத்து வீட்டுக் கலாவதியின் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது. அந்தத் தண்ணீரில் பட்டு நூலை அலசினால் நூலெல்லாம் டீசல் வாடை. தறிக்காரி சும்மா இருப்பாளா? புகார் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் துர்காதேவி என்று ஒரு மேடம் வந்து, ஷெட் மண்ணைச் சின்ன பாட்டிலில் அள்ளிக்கொண்டு போனாள். இன்றைக்குத் திரும்ப வருகிறாளாம். ஷெட்டுக்குப் பூட்டுப் போடத்தான் வருகிறாள், வேறென்ன?

“லோடு ஏத்திட்டேன் அண்ணா. எங்க கொட்டட்டும்?” டேனியல் டிப்பர் லாரியில் ஏறினான்.

“எங்கயாச்சும் தூரமா கொட்டு. எங்கன்னு என்கிட்ட சொல்லாத, நான் உளறிடுவேன். யாரு கேட்டாலும், நானே கேட்டாலும், ‘மண்ணா, எந்த மண்ணு’ன்னு கேளு!”

டிப்பர் போனது. பரசுராமன் அவசர அவசரமாகச் செம்மண் பரப்பித் தண்ணீர் தெளித்தான். அவன் மனைவி லில்லி வாடை தெரியாமலிருக்க ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனுக்குத் திக்கென்றது.

மத்தியானம் துர்காதேவி வந்தாள். தரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“அந்தக் கறுப்பு மண்ணு எங்க அண்ணா?”

“இங்க ஏது மேடம் கறுப்பு மண்ணு? நம்ம ஷெட்டு எப்பவுமே இப்படித்தான் இருக்குது.”

“விளையாடாதீங்க. நான் ஆபீசர் இல்ல, காலேஜ்ல பாடம் நடத்துறவ. உங்க மண்ணுலதான் டீசலைத் தின்னுற கிருமி இருக்குது. கலாவதிக்கா கிணத்துத் தண்ணியை ஒரு பக்கெட்ல புடிச்சு அந்தக் கிருமியை விட்டுப் பாத்தேன், வாடையே போயிடுச்சு! கிணறு சுத்தமானா புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு அவங்களும் சொல்லிட்டாங்க. ஆனா லேப்ல நான் வளத்ததெல்லாம் மெஷின் ரிப்பேராகி செத்துப்போச்சு. இப்ப உங்க மண்ணை நம்பித்தான் ஓடி வந்தேன்.”

பரசுராமன் போனைத் தேடி எடுத்தான். டேனியலுக்குப் போட்டான்.

“டேனியல்! மண்ணை எங்கப்பா கொட்டின? சீக்கிரம் சொல்லு, மேடம் பக்கத்துல நின்னுக்கினு இருக்காங்க!”

“மண்ணா? எந்த மண்ணு அண்ணா?” என்று பவ்யமாகக் கேட்ட டேனியல், போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டான்.