நார்மனுக்கு இரண்டு நிமிடம்

“உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன்கிட்ட ஒரு நிமிஷம் பேசல. செத்ததும் ரெண்டு நிமிஷ மௌனமா?”

ஐவி கேட்டார். தார்ன்பெக் கிரிக்கெட் கிளப்பில் முப்பது வருஷமாக டீ போடுகிறவர். யாருக்கும் பயப்படமாட்டார்.

கிளப் தலைவர் வில்ஃபின் எழுபத்திரண்டு வயதுக் கழுத்தை கறுப்பு டை இறுக்கியது.

“ஒரு நிமிஷம் போதாதா வில்ஃப்? மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணுதானே குடுத்தோம்?”

“ரெண்டு.”

“நடிப்பு,” என்று ஐவி கெட்டிலிடம் சொன்னார்.

வியாழக்கிழமை பேப்பரில் வந்திருந்தது. நார்மன் ஹெப்வொர்த், எழுபத்து மூன்று, காலமானார். வீட்டில் திரை மூடியிருந்தது. மனைவி போனபிறகு தனியாக இருந்த மனுஷன். துக்க வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே வழக்கமில்லை, கார்டு போடுவார்கள். போட்டார்கள். முப்பத்தோரு கார்டு.

வில்ஃபும் நார்மனும் பள்ளியில் ஒரே பெஞ்ச். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனல். வில்ஃப் பேட்டிங், நார்மன் அம்பயர். வெற்றிக்கு மூன்று ரன். பந்து பேட் ஓரத்தை உரசிவிட்டுக் காலில் பட்டது. பௌலர் கத்தினான். நார்மன் விரலைத் தூக்கினார். எல்பிடபிள்யூ. பேட்டில் பட்டிருந்தால் அது அவுட்டே இல்லை.

“பேட்ல பட்டதுடா!”

“அவுட்.”

அதுதான் கடைசிப் பேச்சு. நார்மன் மனைவியின் அடக்கத்துக்குக்கூட வில்ஃப் போனார். கடைசி வரிசையில் நின்றார். வாய் திறக்காமல் திரும்பினார்.

இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். சைலன்ஸ். நூலகச் சுவரில் ஒட்டியிருப்பது அது. செத்தவனுக்காக நிற்பது அது. பெண்டாட்டி மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அது. வில்ஃபின் பதினாலு வருஷமும் அதுதான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி, மேட்ச் தொடங்கும் நேரம். கொடி பாதிக் கம்பத்தில். இரண்டு டீமும் வரிசையில் நின்றன. வில்ஃப் முன்னால் வந்தார்.

“நார்மன் நல்ல அம்பயர்,” என்றார். “அந்த ஃபைனல்ல நான் அவுட்தான். பேட்ல படல. நார்மன் சொன்னதுதான் சரி.”

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டில் பட்டது என்று வில்ஃபுக்குத் தெரியும். பெட்டிக்குள் போனவனோடு என்ன வழக்கு? பெயராவது சுத்தமாகப் போகட்டும்.

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தொப்பிகள் இறங்கின. மௌனம்.

நாற்பதாவது செகண்டில் கேட் கிறீச்சிட்டது.

மழைக்கோட்டு. கையில் சூட்கேஸ். நார்மன்.

எல்லாரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். யாரோ பாவம் போய்விட்டார்கள் என்று புரிந்தது. சூட்கேஸைச் சத்தமில்லாமல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். காலியாக இருந்த இடம் வில்ஃப் பக்கத்தில்தான். வந்து நின்று தலை குனிந்தார்.

வில்ஃப் பார்த்தார்.

செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார். ஐவி கப்பில் ஊற்றிக்கொண்டிருந்த டீ சாஸருக்கு வந்தது, மேஜை விரிப்புக்கு வந்தது, செருப்புக்கும் வந்தது. ஐவி நகரவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பாக்கி. ஊர் அதை முறிக்காது, செத்தவனே வந்து நின்றாலும்.

வில்ஃபின் கன்னத்தில் ஏதோ ஓடியது. துடைக்கக் கையைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஓடவிட்டார்.

“நன்றி,” என்றார் பாதிரியார், ஈனஸ்வரத்தில்.

நார்மன் மெல்லக் குனிந்து கேட்டார். “யார் போயிட்டது?”

“நீதான்.”

நார்மன் யோசித்தார். “எப்போ?”

“வியாழக்கிழமை. பேப்பர்ல போட்டிருந்தான்.”

“அது ஆல்டர்பி ஊர் நார்மன் ஹெப்வொர்த்டா, அதே பேரு. பன்னி வளர்க்கிறவன். நான் விட்பில தங்கச்சி வீட்ல இருந்தேன். கதவைத் தட்டிப் பார்க்கறதுதானே?”

“செத்த வீட்ல போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு.”

நார்மனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஐவியால் அதற்குமேல் முடியவில்லை. “நார்மன், உங்களைப் பத்தி வில்ஃப் பேசினார் தெரியுமா? ஃபைனல்ல அவர் அவுட்தானாம். ஊர் முன்னாடி ஒத்துக்கிட்டார்!”

எல்லாக் கண்ணும் வில்ஃப் மேல். ஆள் உயிரோடு நிற்கிறான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வில்ஃப் தன் ஷூவைப் பார்த்தார்.

“ஆமா. சொன்னேன்.”

இனி நார்மனைப் பிடிக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். நார்மன் தொப்பியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“அவுட் இல்லடா.”

மறுபடி மௌனம். இதற்குப் பாதிரியார் கடிகாரம் பார்க்கவில்லை.

“பேட்ல பட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. விரலைத் தூக்கினப்புறம்தான் மண்டைல ஏறிச்சு. மறுநாளே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

வில்ஃபின் முகம் பந்தின் நிறத்துக்கு வந்தது. “பதினாலு வருஷம்டா! ஏண்டா பாவி சொல்லல?”

நார்மன் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“எப்படிடா சொல்றது? நீதான் என்கூடப் பேசறதில்லையே!”