போயிட்டு வரேன்

தன் கம்பெனிச் செயலிகளை மூடும் பொத்தானில் ‘வெளியேறு’ என்றிருந்ததை எடுத்துவிட்டு ‘போயிட்டு வரேன்’ என்று வைத்தவன் தயாபரன்தான். கைபேசி, வாட்ச், டிவி என எல்லாத் திரையிலும் அது சனங்களுக்குப் பிடித்துப்போனது. அதே வடிவமைப்பை மின்மயானத்தில் இறந்தவர் பெயரைப் பதியும் தொடுதிரைக்கும் கொண்டுபோனபோதுதான் அவனுக்கு உறுத்தியது.

“சுடுகாட்டுல யாரும் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்க சார்.”

“எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீதானப்பா சொன்ன” என்றார் மேலாளர். அவனும் விட்டுவிட்டான்.

இன்று அந்தத் திரையில் மனைவியின் பெயரைப் பதிந்துவிட்டு நின்றான். மைத்துனன் அவன் தோளைத் தொட்டான்.

“அமுக்குங்க மச்சான். அடுத்த வண்டி வந்து நிக்குது.”

தயாபரன் திரையின் நாலு மூலையிலும் தேடினான். அந்த ஒரு பொத்தானைத் தவிர, வெளியே போக அவன் வேறு வழி வைத்திருக்கவில்லை.