தாங்கிய அடிகள்

நோயாளி இறந்ததும் உறவினர்கள் அடித்தாலும் ஓடிப்போகாத டாக்டர்களையே தற்காலிகப் பணிக்கு எடுக்கிறார்கள். அதனால் பயோடேட்டாவில், அடி வாங்கியும் மறுநாள் வேலைக்குப் போன ஐந்து சம்பவங்களாவது வேண்டும். தங்குவதற்கு அறையும் தருவார்கள். தமயந்திக்கு அந்த அறைதான் முக்கியம்.

உடைந்த தாடை, கத்தி இறங்கிய தொடை என்று நான்கை எழுதினாள்.

பின்னால் நின்று படித்த கணவன் சிரித்தான். "ஒண்ணு குறையுதே டாக்டரம்மா. அந்த மணிக்கட்டு?"

"அது நீங்க உடைச்சது."

"ஏதாவது ஆஸ்பத்திரி பேரைப் போடு. எவன் பாக்கப் போறான்?"

அவளுக்குப் பொய் எழுத வரவில்லை. நடந்த இடம், வீடு என்று எழுதினாள். சம்பவத்தை உறுதிசெய்ய யாரை அழைக்கலாம் என்ற கட்டத்தில் அவன் பெயரையும் எண்ணையும் நிரப்பி, அவன் கை ஓங்குவதற்குள் அனுப்பிவிட்டாள்.